வெளியில் பூட்டிய வீடு

வின்சன் ஒருநாளும் ஜெயரூபினிக்குக் கை நீட்டியதில்லை. குடிக்கிறவனும் இல்லை. கடலோரக் களப்பில் இறால் பட்ட நாட்களில் பெரிதாகப் பார்த்து நாலைந்தை அவளுக்கென்று ஒதுக்கி, ஈரச்சாக்கில் சுற்றிக்கொண்டு வருவான். பொருள் தடையால் குளிக்கிற சவர்க்காரத்துக்கு ஊரே அலைந்த காலத்தில் எங்கேயோ தேடிப்பிடித்து ஒரு கட்டி வாங்கிவந்து, அவள் தலைமாட்டில் வைத்துவிட்டுப் பேசாமல் போவான். அக்கம்பக்கத்துப் பெண்கள் அவளைக் கொடுத்துவைத்தவள் என்றார்கள். அதனால் அவளுக்குப் பயம் பிடிக்கத் தொடங்கியபோது, யாரிடம் போய் என்னவென்று சொல்வதென்று தெரியவில்லை.

இரண்டு பேரும் முல்லைத்தீவுக் கரையில் பிறந்தவர்கள். ஜெயரூபினியின் தாயும் தம்பியும் தொண்ணூறாம் ஆண்டே படகேறி இந்தியாவுக்குப் போய்விட்டார்கள். வின்சனின் தமையன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. நேவிக்காரன் சுட்ட வள்ளத்தின் பலகை ஒன்று மட்டும் கரை ஒதுங்கியது. இடம்பெயர்ந்து அலைந்து, கடைசியில் புதுக்குடியிருப்புக்குக் கிட்ட ஒரு கல்வீட்டில் குடியிருந்தார்கள். சொந்தக்காரர் வவுனியாவுக்குப் போயிருந்தார். வீட்டைப் பார்த்துக்கொண்டால் போதும், வாடகை வேண்டாம் என்றிருந்தார். தென்னங்கிடுகு வேய்ந்த கொட்டில்களுக்கு நடுவில் கம்பி போட்ட யன்னலும் பலகைக் கதவும் உள்ள வீடு. வந்த அன்று ஜெயரூபினி நிலத்தில் முழந்தாளிட்டு மாதாவுக்கு நன்றி சொன்னாள்.

அவள் பக்கத்து முன்பள்ளியில் படிப்பித்தாள். இரண்டாயிரமாம் ஆண்டுத் தொடக்கத்தில் ஒருநாள் ஆசிரியர்களுக்கு வகுப்பு வைத்து, முடியப் பிந்திவிட்டது. கூடப் படிப்பிக்கிற கிருசாந்தன் சைக்கிளை உருட்டியபடி சந்திவரை அவளோடு நடந்து வந்தான். சந்தியில் வின்சன் நின்றான். சிரித்தான். கிருசாந்தனிடம் சுகம் விசாரித்தான். வழியெல்லாம் அவளோடு இறால் விலையைப் பற்றிக் கதைத்துக்கொண்டு வந்தான்.

அடுத்த நாள் அவள் வெளிக்கிடும்போது, "நீ இனிப் போகத் தேவையில்லை" என்றான். "விடியவே போய்ச் சொல்லிப்போட்டன். உனக்கு உடம்புக்கு ஏலாது எண்டு."

"எனக்கு ஒண்டுமில்லையே."

"வெயிலுக்க போய்ப் போய் எப்பிடி வாடிப்போனாய் பார். நான் உழைக்கிறன்தானே. நீ வீட்டில வடிவா இரு."

குரலில் கோபமே இல்லை. அவள் கைப்பையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள்.

பிறகு தண்ணீர். கிணற்றடியில் கண்டபடி ஆட்கள் நிற்கிறார்கள் என்று, விடியமுன் அவனே இரண்டு வாளியும் ஒரு குடமும் நிறைத்து வைத்தான். பெண்சாதிக்குத் தண்ணி அள்ளிக் கொடுக்கிற மனிசன் என்று ஊர் மெச்சியது. றோட்டுப்பக்க யன்னலை மறைத்து உரச்சாக்கைத் தொங்கவிட்டான். ஞாயிறு பூசைக்கு அவளைச் சைக்கிளில் ஏற்றிப்போய், பூசை முடிய ஒருவரோடும் கதைக்க நேரம் விடாமல் ஏற்றிக்கொண்டு வந்தான்.

சித்திரை பிறந்தபின் ஒரு காலையில் அவன் களப்புக்கு வெளிக்கிட்டான். கதவு சாத்தியது. அதன்பிறகு வெளியே கொண்டியில் ஆமைப்பூட்டு 'கிளுக்' என்று விழுந்த சத்தம் கேட்டது. தவறிப் பூட்டிவிட்டானாக்கும் என்று அவள் ஓடிப்போய்க் கதவைத் தட்டினாள். "இஞ்சருங்கோ, நான் உள்ளுக்க." சைக்கிள் மணலில் உருளும் சத்தம் தூரத் தூரப் போனது.

பின்னேரம் வந்து திறந்தான். கையில் பனங்கட்டி சுற்றிய காகிதச் சரை.

"கள்ளர் கூடிப்போச்சு" என்றான்.

"உள்ளுக்க ஆள் இருக்க ஏன் வெளியால பூட்டுவான்?"

அவன் நிலத்தில் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். "நீ உள்ளுக்க இருக்கிறாய் எண்டு தெரிஞ்சால்தான் எனக்கு வலை இழுக்கக் கை வரும். இல்லாட்டி நெஞ்சு பதறுது. என்னட்ட மிஞ்சினது நீ ஒண்டுதான், விளங்குதோ?"

அவளுக்கு விளங்கியது. அவன் கைகள் மெல்லத் தடவிக்கொண்டிருந்த அந்தக் காலிலிருந்து குளிர் ஏறி உடம்பெல்லாம் பரவியது. காலை இழுத்துக்கொள்ளவும் பயமாக இருந்தது.

அடுத்த வளவு அமராவதியுடையது. யாழ்ப்பாணத்திலிருந்து எப்போதோ குடியேற்றத் திட்டத்துக்கு வந்து வயல் செய்த குடும்பம். புருசன் காலமாகிவிட்டார். ஒரே மகன் வவுனியாவில். ஐம்பது வயதிலும் தனியே தோட்டம் கொத்துகிற மனுசி. முன்பு வேலிக்கு மேலால் ஜெயரூபினியோடு கதைத்துக்கொண்டே இருப்பாள். இப்போது கூப்பிட்டால், பின் யன்னலுக்குள் இருந்து "தலையிடி அக்கா" என்ற பதில் மட்டும் வரும். சில நாள் கூப்பிட்டுவிட்டு அமராவதி நிறுத்திக்கொண்டாள். கல்வீட்டுக்குப் போனபிறகு பெட்டைக்குப் பெருமை வந்துவிட்டது என்று நினைத்தாளாம். பின்னால் அவளே சொன்னாள்.

பூட்டை அமராவதிக்குக் காட்டியிருக்கலாம். ஜெயரூபினி பலமுறை யோசித்தாள். ஆனால் காட்டினால் கதை பரவும். பரவினால் வின்சன் என்ன செய்வான் என்று தெரியாது. அடிக்கிறவன் என்றால் அடிப்பான் என்றாவது தெரிந்திருக்கும். அவன் அடுத்ததாக என்ன செய்வான் என்று அவளால் நினைத்தும் பார்க்க முடியவில்லை. பகலில் அவன் இல்லாத வீட்டிலும் பாத்திரம் சத்தம் போடாமல் கழுவப் பழகிக்கொண்டாள்.

கிபிர் குண்டுவிமானம் வந்த அன்று வெயில் ஏறிவிட்டிருந்தது. அவள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். முதலில் தூரத்தில் ஒரு முழக்கம். கோழிகள் பற்றைக்குள் ஓடின. கத்தியைப் போட்டுவிட்டுப் பின் யன்னலுக்குப் போனாள். வளவின் மூலையில், தென்னங்குற்றி அடுக்கிய பங்கர் தெரிந்தது. முப்பது எட்டு வைக்கிற தூரம்தான். வின்சன் வெட்டிய பங்கர். அவளுக்காகவென்றே ஆழமாக வெட்டி, உள்ளே பாய் விரித்து வைத்திருந்தான்.

முதல் குண்டு சந்திப்பக்கம் விழுந்தது. நிலம் ஒருமுறை துள்ளியது. ஓட்டுத் துகள் தலையில் கொட்டியது. அவள் சுவரோடு ஒட்டிக் குந்தினாள்.

அமராவதியின் குரல் வேலிக்கு அங்காலிருந்து கேட்டது. "ரூபி! பங்கருக்க போ, பிள்ளை!"

அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அடுத்த முழக்கம் கிட்ட வந்தது.

"ரூபி! எங்க நிக்கிறாய்?" இப்போது குரல் வளவுக்குள்ளேயே கேட்டது. மனுசி தன் பங்கரை விட்டு வேலி ஓட்டைக்குள்ளால் புகுந்து வந்துவிட்டாள். கதவில் கை அடித்தது. பிறகு அந்தக் கை நின்றது.

"என்னடி இது? வெளியால பூட்டிக் கிடக்கு."

"நீங்கள் போங்கோ அக்கா" என்றாள் ஜெயரூபினி.  இன்னொருமுறை சொன்னாள். "போங்கோ. அவர் வந்து திறப்பார்."

காலடி ஓடிப்போய்த் திரும்பி வந்தது. பிறகு இரும்பு பலகையில் இடிக்கிற சத்தம். அமராவதி தோட்டத்து இரும்பு அலவாங்கை எடுத்துவந்து, கதவு நிலையோடு சேர்கிற பிணைச்சல் பக்கத்தில் நெம்பத் தொடங்கியிருந்தாள். ஜெயரூபினி எழுந்து கதவைப் பிடித்தாள். தள்ளுவதற்கல்ல. உடையாமல் இருக்கட்டும் என்று உள்ளிருந்து இழுத்துப் பிடித்தாள்.

"வேண்டாம் அக்கா, உடைக்காதேங்கோ. அவர் கேட்டா நான் என்ன சொல்லுறது?"

"விசரி, கையை எடு!"

மேல் பிணைச்சல் கழன்று கதவு சாய்ந்தது. அமராவதி அவளைத் தலைமயிரோடு சேர்த்துப் பிடித்து வெளியே இழுத்தாள். வெளிச்சம் கண்ணைக் குத்தியது. இரண்டு பேரும் பங்கரை நோக்கி ஓடினார்கள். விமானம் கீழ்நோக்கிக் குத்திப் பதிகிற இரைச்சல் தலைக்கு மேலேயே கேட்டது. அமராவதி அவளை வாசலில் தள்ளிவிட்டாள். அவள் உள்ளே உருண்டு விழுந்த அதே கணத்தில் உலகம் வெடித்தது.

புழுதி அடங்கப் பார்த்தபோது அமராவதி பங்கர் வாசலில் குப்புறக் கிடந்தாள். வலது கால் முழங்காலுக்குக் கீழே கால் மாதிரி இல்லை. ஜெயரூபினி சேலைத் தலைப்பைக் கிழித்து இறுக்கிக் கட்டினாள். கட்டக் கட்ட இரத்தம் வந்துகொண்டேயிருந்தது.  அமராவதி ஜெயரூபினியின் கையை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

வாசல் படலையடியில் சைக்கிள் விழுந்தது. வின்சன் ஓடிவந்தான். இடுப்புவரை சேறு. முகம் வெளிறிக் கண்கள் பிதுங்கியிருந்தன. வீட்டையும் சாய்ந்த கதவையும் பார்த்து நின்றான்.

"ஆர் கதவை உடைச்சது?"

அதுதான் அவன் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு. ஜெயரூபினி இரத்தம் ஊறிய மடியோடு நிமிர்ந்து பார்த்தாள். அமராவதியும் கண் திறந்து பார்த்தாள். வின்சனுக்கே அது கேட்டிருக்க வேண்டும்.  ஏதோ வேறு சொல்ல வந்தான்.

லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தோடு வந்த அயல்வீட்டு மயில்வாகனம் அவனை விலக்கிக்கொண்டு குனிந்தார். "கதவை விட்டிட்டுக் காலைப் பிடி, தம்பி."

வண்டிப் பெட்டியில் சாக்கு விரித்து ஏற்றினார்கள். ஜெயரூபினியும் ஏறினாள்.

"நீ இறங்கு. நான் போறன்" என்றான் வின்சன்.

 இறங்கவேண்டும் என்று கால் தானாக அசைந்தது. அமராவதியின் பிடி இறுகியிருந்தது. அவள் அப்படியே இருந்தாள். வண்டி இரைந்துகொண்டு வெளிக்கிட்டது.

ஆஸ்பத்திரியில் அமராவதியின் காலை முழங்காலோடு எடுத்தார்கள். உயிர் தப்பியது. ஜெயரூபினி கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுத்துக்கொண்டு அவளைப் பராமரித்தாள். வின்சன் ஒவ்வொரு நாளும் சாப்பாட்டோடு வந்தான். அமராவதியின் கட்டிலடியில் தலை குனிந்து நிற்பான். ஒருநாள் மனுசி கேட்டாள்.

"தம்பி, அண்டைக்கு நான் வராட்டி இவளின்ர கதி என்ன?"

அவன் அழுதான். அமராவதி தேற்றவில்லை.

துண்டு வெட்டி அமராவதியை வீட்டுக்கு விடுகிற நாள் வந்தது. வின்சன் ஜெயரூபினியை விறாந்தைப் பக்கம் கூப்பிட்டான்.

"கதவைத் திருத்திப்போட்டன். வா, வீட்டை போவம்."

அவள் தூணைப் பிடித்துக்கொண்டாள்.  ஆட்கள் போய்வருகிற இடமாகப் பார்த்துத்தான் நின்றாள்.

"நான் அமராவதியக்காவோட போறன்."

"எத்தினை நாளைக்கு?"

"தெரியாது."

"அவாவைப் பாக்க ஒரு ஆளைப் பிடிச்சு விடுறன்."

"அவாவுக்காக மட்டுமில்லை. எனக்கு உங்களைக் கண்டாப் பயமாக் கிடக்கு."

அவன் திகைத்துப் பார்த்தான். "நான் உனக்கு ஒருநாளாவது கை நீட்டினனானோ?"

"இல்லை. அடிச்சிருந்தா அடையாளத்தைக் காட்டிச் சொல்லியிருப்பன். இதுக்கு எதைக் காட்டுறது?"  நிறுத்தினால் பிறகு ஒருநாளும் சொல்லமாட்டாள் என்று தெரிந்தது. "கிபிர் பதியேக்க நான் மாதாவைக் கூப்பிடயில்லை. கதவு உடைஞ்சா நீங்கள் என்ன சொல்லுவியள் எண்டுதான் யோசிச்சனான். உள்ளுக்க நிண்டு கதவை இழுத்துப் பிடிச்சனான். நான் பிடிச்சுப் பிந்தின நேரத்தாலதான் அக்காவின்ர கால் போனது."

வின்சன் சுவரில் சாய்ந்தான். "நீயும் இல்லாமப் போயிடுவாய் எண்ட பயம்" என்றான். "அண்ணை போன நாளில இருந்து எனக்கு அதுதான்."

"தெரியும். தெரிஞ்சபடியால்தான் இவ்வளவு நாளும் பேசாமக் கிடந்தனான்."

அவன் கத்துவான், அல்லது கையைப் பிடித்து இழுப்பான் என்று உடம்பை இறுக்கிக்கொண்டு காத்து நின்றாள்.  அவன் சாப்பாட்டுக் கரியரை அவளருகில் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனான். சைக்கிளில் ஏறவில்லை. உருட்டிக்கொண்டே போனான்.

அமராவதியின் கொட்டிலுக்குக் கதவு என்று ஒன்றில்லை, ஒரு ஓலைத் தட்டிதான். அங்கே இருந்துகொண்டும் ஜெயரூபினி பயந்தாள். முன்னால் போகிற ஒழுங்கையில் சைக்கிள் சத்தம் கேட்டால் கைவேலையை விட்டுவிட்டு எழுந்து நின்றாள். சமைக்கும்போது முதுகைச் சுவர்ப்பக்கம் வைத்துக்கொண்டாள். அமராவதி பொல்லூன்றப் பழகியபிறகு, அவளே ஜெயரூபினியை அதட்டி மறுபடி முன்பள்ளிக்கு அனுப்பினாள். வின்சன் களப்பால் வருகிற வழியில் கொஞ்சம் மீனைப் படலையில் கொளுவிவிட்டுப் போவான். உள்ளே வரமாட்டான்.

ஒருநாள் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது, எதிர்ப் புளியமரத்துக்குப் பின்னால் அவன் நிற்பதைக் கண்டாள். பாட்டு நடுவில் நின்றுபோனது.  பழையபடி எல்லாம் தொடங்கிவிட்டது என்று நினைத்தாள். மற்ற ஆசிரியையிடம் "என்னைப் பாத்துக்கொண்டு நில்லுங்கோ" என்று சொல்லிவிட்டு, றோட்டைக் கடந்து அவனிடம் போனாள்.

"இஞ்ச ஏன் நிக்கிறியள்?"

"சும்மா. பாத்திட்டுப் போவமெண்டு."

"பாக்க வேணுமெண்டாப் படலைக்கு வந்து கூப்பிடுங்கோ, வாறன். ஒளிச்சு நிண்டு பாக்காதேங்கோ. எனக்குக் கை கால் நடுங்குது, பாருங்கோ." கையை நீட்டிக் காட்டினாள்.

அவன் அந்தக் கையைப் பார்த்தான். தொடவில்லை. "ஓம்" என்றான். பிறகு அந்த மரத்தடியில் அவனைக் காணவில்லை.

மாரி தொடங்கியது. சில நாட்களாகப் படலையில் மீனும் இல்லை. களப்புப் பக்கம் செல் குண்டு விழுந்ததாகக் கதை வந்தது. ஜெயரூபினிக்கு இப்போது வேறு பயம் பிடித்தது. அது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. அவன் வரக்கூடாதென்று பயந்தவள், அவன் வரவில்லையே என்று ஒழுங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் போய்ப் பாத்திட்டு வாறன் அக்கா. பொழுதுபட வராட்டி மயில்வாகனத்தாரை அனுப்புங்கோ."

"யோசிச்சுத்தான் போறியோ?"

"ஓம்."

கல்வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. அவள் வாசற்படி மட்டும் போனாள். அதற்கு மேல் கால் எழவில்லை. உள்ளே மூலையில் சாக்கை மூடிக்கொண்டு வின்சன் கிடந்தான். கட்டில் அதிர நடுங்கினான். மலேரியா.

"இஞ்சருங்கோ."

அவன் தலையைத் தூக்கினான். "நீயோ? பயமெண்டா அங்கயே நில், ரூபினி. உள்ளுக்க வரத் தேவையில்லை."

அவள் நின்றாள். அவன் தண்ணீர்க் குடம் காய்ந்து கிடந்தது. மழைத் தூறல் முதுகில் பட்டது. அவள் குடத்தை எடுக்க உள்ளே போனாள். எடுத்துக்கொண்டு உடனே வெளியே வந்தாள். கிணற்றில் அள்ளிக்கொண்டு மறுபடி போனாள். அந்தமுறை கொஞ்சம் கூட நேரம் நின்றாள். ஆஸ்பத்திரிக்கு நடந்து காய்ச்சல் குளிசை வாங்கிவந்தாள். கொத்தமல்லி அவித்துக் கொடுத்தாள். கிண்ணத்தை வாங்கும்போது அவன் கை அவள் விரலில் படாமல் விலகியது.

வெளியே மங்கத் தொடங்கியது.

"பொழுதுபடுது" என்றான் வின்சன். பல் கிட்டிக்கொண்டு சொன்னான். "நீ போ. அவா தேடப்போறா."

அவன் கை கட்டில் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தது. நாளைக்கு வருவாயோ என்று கேட்க வாய் எடுத்ததும், கேட்காமல் விழுங்கியதும் அவளுக்குத் தெரிந்தது. அவள் எழுந்து நடந்தாள். ஒழுங்கை முடியுமட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பின்னால் ஒருவரும் வரவில்லை.

அடுத்த நாளும் போனாள். அதற்கடுத்த நாளும் போனாள்.

காய்ச்சல் மாறியபிறகு, அமராவதியின் வளவு மூலையில் வின்சன் ஒரு கொட்டில் போட்டான். கல்வீட்டில் இனி இருக்கமாட்டேன், இங்கே என்றால் சேர்ந்து இருக்கலாம் என்று ஜெயரூபினி சொன்னதால்தான் அது. அமராவதிக்கு அவனில் முழு நம்பிக்கை வரவில்லை. "நான் பொல்லோட இஞ்சதான் இருக்கிறன்" என்று அவன் முகத்துக்கு நேரே சொன்னாள். அவன் அவளுக்குத் தண்ணீர் அள்ளினான், விறகு கொத்தினான். மனுசி வேண்டாம் என்றும் சொல்லவில்லை, நன்றி என்றும் சொல்லவில்லை.

இரண்டாயிரத்தோராம் ஆண்டு பிறந்து கொஞ்ச நாளில், முன்பள்ளி ஆசிரியர்களுக்கு மல்லாவியில் தங்கிப் படிக்கிற பயிற்சி வந்தது. ஜெயரூபினி அதைச் சொல்லாமலே விட்டுவிடலாமா என்று யோசித்தாள். வாய்க்குள் வைத்துக்கொண்டு திரிந்து, ஒரு காலையில், அவன் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருக்கும்போது சொன்னாள்.

"மல்லாவிக்குப் போகவேணும். பத்து நாள் அங்கயே நிக்கவேணும்."

அவன் விரல்கள் நின்றன. எழுந்து வெளியே போனான். அவள் கொட்டிலுக்குள் நின்று காது கொடுத்தாள். அவன் வளவைச் சுற்றி நடக்கிற காலடி கேட்டது. ஒருமுறை வேலியோரம் நின்றது. மறுபடி நடந்தது. 

வாசலில் வந்து நின்றான். முகம் வேர்த்திருந்தது.

"பஸ் எத்தினை மணிக்கு?"

"விடிய ஆறுக்கு."

"சைக்கிளில கொண்டுபோய் விடவோ, நீயே போறியோ?"

அவள் உடனே பதில் சொல்லவில்லை. அவன் கேள்விக்குள் வேறேதும் ஒளிந்திருக்கிறதா என்று முகத்தைப் பார்த்தாள். பயந்துபோன ஒரு மனிதன்தான் தெரிந்தான்.

"நானே போறன்."

"ஓம்" என்றான். குந்தி இருந்து வலையைக் கையில் எடுத்தான். ஊசியில் நூல் கோக்க அவனால் முடியவில்லை. இரண்டுமூன்று தரம் தவறியது. அவள் வாங்கிக் கோத்துக் கொடுத்தாள்.

விடிய அவன் தேநீர் ஊற்றி வைத்தான். படலைவரை வந்தான், அதற்கப்பால் வரவில்லை. அவள் பையைத் தோளில் போட்டுக்கொண்டு சந்திக்கு நடந்தாள். மினிபஸ் நெருக்கமாக இருந்தது. யன்னலோரம் ஒரு கிழவி தள்ளி இருந்து இடம் கொடுத்தாள். மடியில் வைத்த பையின்மேல் ஜெயரூபினியின் கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. அதை மறைக்க இரண்டையும் பின்னிப் பிடித்தாள். ஒட்டுசுட்டான் தாண்டும்போது கிழவி ஏதோ கேட்டாள். மாங்குளத்தில் ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். பக்கத்தில் வந்து நின்ற பெண்ணிடமிருந்து ஒரு குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டபோதுதான், தன் கைகள் நடுங்கவில்லை என்பதைக் கண்டாள்.